நாடாளுமன்ற நூலகத்து மனிதர்கள்

நாடாளுமன்ற நூலகம் உறுப்பினர்களுக்கென்றே நடக்கும் நூலகம். அங்கே வருகிறவர் படிக்கப் புத்தகம் கேட்பது குறைவு. அவருக்கு வேண்டியது ஒரு கேள்விக்கு விடை. அதுவும் அடுத்த வாரம் கிடைத்தால் பயனில்லை. மசோதா அன்று மதியம் விவாதத்துக்கு வருகிறது. பேச எழப்போகிறவருக்கு, இதே பொருளில் முன்பு அமைச்சர் தந்த உறுதிமொழி என்ன, பிற நாடுகளில் இப்படியொரு சட்டம் உண்டா, ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். ஆகவே இந்த நூலகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் பழைய நாட்களைப் பற்றிப் பேசினால், அலமாரியைவிடக் கடிகாரமே அதிகம் வரும். லண்டனில் வாக்கெடுப்பு மணி அடித்தால் எட்டு நிமிடத்தில் உறுப்பினர் வாக்களிக்கும் கூடத்துக்குள் இருக்க வேண்டும். டெல்லியில் மக்களவை பதினொரு மணிக்குக் கேள்வி நேரத்துடன் தொடங்கும். அவையின் நேரம்தான் நூலகத்தின் நேரம். அவை நள்ளிரவு வரை நடந்தால் நூலகத்திலும் விளக்கு எரியும்.

ஒரு தேடல் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இந்த வேலையின் தன்மை விளங்கும். உறுப்பினர் ஒருவர் வந்து, “எங்க தொகுதிக்கு ரயில் பாதை போடுறதா ஒரு மந்திரி அவையிலேயே சொன்னார், அதை எடுத்துக் கொடுங்க” என்கிறார். எந்த ஆண்டு? எழுபதுகளில் இருக்கும். எந்த அமைச்சர்? நினைவில்லை. இங்கிருந்துதான் தேடல் தொடங்குகிறது. அது வினாவுக்கு அளித்த விடையா, வரவு செலவுத் திட்ட விவாதத்தில் சொன்னதா, எழுத்தில் வந்த பதிலா என்று நூலக ஊழியர் கேட்டுக்கொள்வார். அதற்கேற்பத் தேடும் இடம் மாறும். பிறகு அவை நடவடிக்கைத் தொகுதிகளின் அகரவரிசை அட்டவணை. உறுப்பினர் சொல்லும் ஆண்டை அப்படியே நம்பக்கூடாது என்பது இந்தத் தொழிலில் சேருகிறவர் முதலில் படிக்கும் பாடம். முன்னும் பின்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் பார்த்தாக வேண்டும். ஊரின் பெயர் அன்றைக்கு வேறு எழுத்துக்கூட்டலில் இருந்திருக்கும். ரயில் பாதை என்ற தலைப்பில் கிடைக்காதது அளவைப் பணி என்ற தலைப்பில் கிடைக்கும். பக்கம் அகப்பட்டதும் ஒரு துண்டுச் சீட்டைச் செருகி வைத்துவிட்டு, அமைச்சர் பின்னர் அந்தப் பதிலைத் திருத்தினாரா என்றும் பார்க்க வேண்டும். திருத்தியதை அறியாமல் பழைய பதிலை அவையில் படிக்கும் உறுப்பினர் அங்கேயே மூக்குடைபடுவார். அமைச்சர்களின் வாக்குறுதிகளைத் தொடர்ந்து கவனிக்க மக்களவையில் 1953 முதல் உறுதிமொழிக் குழு என்றே ஒன்று இருக்கிறது. அதன் அறிக்கைகளையும் புரட்ட வேண்டியிருக்கும். இத்தனையும் முடிய ஒரு மணி நேரம் கிடைத்தால் அது நல்ல நாள்.

இந்த வேலைக்கு என்று தனி ஆளை வைக்கும் வழக்கம் இருநூறு ஆண்டுப் பழமை உடையது. பிரிட்டன் மக்களவை 1818ல் பெஞ்சமின் ஸ்பில்லர் என்பவரைத் தன் முதல் நூலகராக அமர்த்தியது. அவை நடவடிக்கைக் குறிப்புகளும் சட்டங்களும் அச்சிட்ட அறிக்கைகளும் குவியத் தொடங்கியிருந்தன. கேட்டால் எடுத்துக் கொடுக்க ஒருவர் தேவைப்பட்டார். முதலில் தரப்பட்டது ஒரு சிறு அறை.

அந்த நூலகத்தில் 1831ல் உதவி நூலகராகச் சேர்ந்த பையனுக்கு வயது பதினாறு. பெயர் தாமஸ் எர்ஸ்கின் மே. உறுப்பினர்கள் தினமும் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கேள்விகள்: இதற்கு முன்னுதாரணம் உண்டா, இந்தத் தீர்மானத்தை இப்போது கொண்டுவரலாமா, அவைத்தலைவர் இதை முன்பு அனுமதித்திருக்கிறாரா? விடை பல நூற்றாண்டுக் குறிப்பேடுகளில் சிதறிக் கிடந்தது. எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்த அந்த இளைஞர் அவற்றை ஒழுங்குபடுத்தி 1844ல் ஒரு நூலாக வெளியிட்டார். அப்போது அவருக்கு இருபத்தொன்பது வயது. நாடாளுமன்றத்தின் சட்டம், சிறப்புரிமை, நடைமுறை ஆகியவற்றை விளக்கும் அந்த நூலை உலகம் ஆசிரியரின் பெயராலேயே ‘எர்ஸ்கின் மே’ என்கிறது. 2019ல் அதன் இருபத்தைந்தாம் பதிப்பு வந்தது. எர்ஸ்கின் மே 1871ல் மக்களவையின் தலைமைச் செயலராக உயர்ந்தார். 1886ல் இறப்பதற்குச் சில நாட்கள் முன்னர் அவருக்குப் பிரபுப் பட்டமும் கிடைத்தது.

இந்தியாவுக்கும் இந்த நூலுக்கும் நேரடி உறவு உண்டு. 1950ல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 105(3)ஆம் பிரிவு, நாடாளுமன்றம் தானே சட்டம் இயற்றி வரையறுக்கும் வரையில், உறுப்பினர்களின் சிறப்புரிமைகள் பிரிட்டன் மக்களவைக்கு உள்ளவையாகவே இருக்கும் என்றது. அந்த உரிமைகள் எவை என்று பார்க்க மேயின் நூலைத்தான் திறக்க வேண்டியிருந்தது. பிரிட்டனைப் பெயர் சொல்லிச் சுட்டிய அந்த வாசகம் 1978ன் 44ஆம் திருத்தத்தில்தான் நீங்கியது. நூலக மேசையில் உட்கார்ந்து பிறருக்காகத் தேடிய ஓர் இளைஞரின் குறிப்புகள், அவர் கண்டிராத நாட்டின் சட்டமன்றங்கள் வரைக்கும் எட்டின. நூலகப் பணியை எடுபிடி வேலையாக எண்ணுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆச்சரியம் என்னவென்றால், எர்ஸ்கின் மேயை முந்திக்கொண்டு இன்னொரு நூலகப் பையன் இதைச் செய்திருந்தார். அல்ஃபியஸ் டாட் 1821ல் லண்டனில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே குடும்பத்தோடு இன்றைய டொரன்டோவுக்குக் குடியேறினார். பதின்ம வயதிலேயே அங்குள்ள சட்டமன்ற நூலகத்தில் உதவியாளரானார். கல்லூரிப் படிப்பு கிடையாது, நூலகமே கல்லூரி. 1840ல், பத்தொன்பது வயதில், இரு அவைகளின் நடைமுறைகளையும் சிறப்புரிமைகளையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மேயின் நூலுக்கு அது நான்கு ஆண்டு மூத்தது. பிற்காலத்தில் இங்கிலாந்தின் நாடாளுமன்ற ஆட்சிமுறை பற்றி அவர் எழுதிய பெருநூல், பிரிட்டனிலேயே மதித்துப் படிக்கப்பட்டது. கனடா நாடாளுமன்ற நூலகத்தின் தலைவராகவே இருந்து 1884ல் மறைந்தார்.

டாட் விட்டுச்சென்றவற்றில் நூல்களைவிடப் பெரியது ஒரு கதவு. அதைச் சொல்ல நெருப்பிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் காலத்து நாடாளுமன்ற நூலகங்களுக்கு நெருப்பே பெரும் பகை. லண்டனில் 1834 அக்டோபர் 16 அன்று, பழைய கணக்குக் குச்சிகளை அடுப்பிலிட்டு எரித்தபோது மூண்ட தீயில் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் பெரும்பகுதி போயிற்று. மக்களவையின் நடவடிக்கைக் குறிப்பேடுகள் தப்பின. மற்ற மூல ஆவணங்கள் பெரும்பாலும் சாம்பலாயின. கனடாவில் இது ஒருமுறையோடு நிற்கவில்லை. 1849 ஏப்ரலில் மான்ட்ரியலில், முன்பு நடந்த கலகத்தின்போது சொத்து இழந்தவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டத்தை எதிர்த்த கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குத் தீ வைத்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களில் மிஞ்சியவை சுமார் இருநூறு. ஆண்டாண்டாகச் சேர்த்தது ஓர் இரவில் போன பிறகு, மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். ஐந்தே ஆண்டுகளில், 1854ல், கியூபெக் நகரத்து நாடாளுமன்றக் கட்டடமும் எரிந்தது. இம்முறை நூல்களில் ஒரு பகுதியைக் காப்பாற்ற முடிந்தது.

இரண்டு தீயையும் பார்த்தவர் டாட். ஆகவே ஒட்டாவாவில் புதிய நாடாளுமன்றம் கட்டத் திட்டமிட்டபோது, நூலகம் முதன்மைக் கட்டடத்தோடு ஒட்டியிருக்கக் கூடாது என்று வற்புறுத்தினார். தனிக் கட்டடமாக, பின்புறம் தள்ளி, ஒரு நடைகூடம் மட்டும் இணைப்பாக இருக்க வேண்டும்; அந்த வழியில் இரும்புக் கதவு வேண்டும். அப்படியே கட்டினார்கள். 1876ல் திறக்கப்பட்ட அந்த வட்ட வடிவ நூலகத்தின் உள்ளே, வெண்பைன் மரத்தில் பூவும் இலையும் செதுக்கிய பலகைகள் சுவர் முழுக்க ஏறிச் செல்லும். நடுவில் விக்டோரியா அரசியின் வெண்பளிங்குச் சிலை நிற்கும். எல்லாம் மரம், எல்லாம் காகிதம். தீக்கு அதைவிட நல்ல இரை கிடைக்காது.

1916 பிப்ரவரி 3 அன்று இரவு ஒன்பது மணி அளவில், அவை நடந்துகொண்டிருக்கும்போதே, உறுப்பினர்களின் வாசிப்பறையில் தீப்பற்றியது. காகிதமும் மெருகூட்டிய மரமும் நிறைந்த அறை அது. நிமிடங்களில் புகை நடைகூடங்களை அடைத்தது. ஏழு பேர் இறந்தார்கள். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் எதிரியின் சதி என்ற ஐயம் அன்றே கிளம்பியது. முதன்மைக் கட்டடம் இரவோடு இரவாக அழிந்தது. நூலகம் மட்டும் நின்றது. அங்கே எழுத்தராக இருந்த மக்கார்மக் என்பவர், ஓடும்முன் இரும்புக் கதவுகளைச் சாத்த வைத்திருந்தார். அவர் செய்தது அவ்வளவுதான். கதவை அங்கே வைக்கச் சொன்னவர் இறந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன; ஒருவர் வைத்த கதவை இன்னொருவர் சரியான நேரத்தில் மூடினார். ஒட்டாவா நூலகம் இன்றும் இருப்பதற்கு இவ்விரு ஊழியர்களே காரணம். கனடாவில் நாடாளுமன்றத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் கதை இது.

நெருப்பு அதன் பிறகும் ஒருமுறை வந்தது. 1952ல் குவிமாடத்தின் உச்சியில் மின்கோளாறால் தீப்பிடித்தது. தீயைவிட அதை அணைக்க அடித்த தண்ணீர் செய்த சேதமே அதிகம். மரப்பலகைகளைக் கழற்றி மான்ட்ரியலுக்கு அனுப்பிச் சுத்தம் செய்து, தீப்பிடிக்காதபடி பக்குவப்படுத்தி, மறுபடி பொருத்தினார்கள். 2002 முதல் 2006 வரை நூலகத்தை மூடிவைத்து இன்னொரு பெரும் சீரமைப்பு நடந்தது. பழைய கட்டடத்தில் வேலை பார்ப்பவர்களுக்குக் கட்டடமும் ஓர் ஆள் மாதிரிதான். அதற்கும் நோய் வரும், மருத்துவம் பார்க்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டு தொடங்கியபோது, புத்தகத்தை எடுத்துக் கொடுத்தால் போதாது என்ற நிலை வந்துவிட்டது. தொழிற்சாலை, ரயில், காப்பீடு, வருமான வரி என்று அரசு கைவைக்கும் இடங்கள் பெருகின. ஒவ்வொன்றையும் படித்துப் புரிந்துகொள்ள உறுப்பினருக்கு நேரமில்லை. அமைச்சருக்குப் பின்னால் ஒரு துறையே நிற்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் துணை யார்? இந்தக் கேள்விக்கு முதலில் செயலில் விடை சொன்னவர்களில் ஒருவர் சார்லஸ் மக்கார்த்தி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துத் தலைநகர் மேடிசனில், 1901ல் சட்டமன்றத்துக்கென ஒரு தகவல் நூலகத்தை அவர் நடத்தத் தொடங்கினார். பிற மாநிலங்களின் சட்டங்கள், துண்டறிக்கைகள், செய்தி நறுக்குகள் எல்லாவற்றையும் பொருள்வாரியாகத் திரட்டி, கேட்டவுடன் தரும் ஏற்பாடு அது. அந்த வழியில் 1914ல் அமெரிக்க காங்கிரஸின் நூலகத்தில் ஒரு தனிப்பிரிவு பிறந்தது. 1970ல் அது காங்கிரஸ் ஆய்வுப் பணியகம் என்ற இன்றைய பெயரைப் பெற்றது. லண்டனில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆய்வாளர்களும் புள்ளியியலாளர்களும் நூலகத்துக்குள் வந்தார்கள். ஒட்டாவாவில் 1965ல், எரிக் ஸ்பைசர் நூலகராக இருந்த காலத்தில், ஆய்வுப் பிரிவு தொடங்கியது. அவர் 1960 முதல் 1994 வரை அந்தப் பொறுப்பில் இருந்தவர். முப்பத்து நான்கு ஆண்டுகளில் எத்தனை பிரதமர்கள் வந்து போனார்கள் என்பதை எண்ணினால், ஆட்சி மாறினாலும் மாறாதவர்கள் யார் என்று தெரியும்.

மாறாதிருப்பதுதான் இந்த ஊழியர்களின் கடினமான கடமை. ஒரே நாளில் ஆளுங்கட்சி உறுப்பினரும் எதிர்க்கட்சி உறுப்பினரும் ஒரே பொருளைக் கேட்டு வரக்கூடும். இருவருக்கும் ஒரே புள்ளிவிவரம், ஒரே அக்கறை. இவர் கேட்டார் என்று அவருக்குச் சொல்லக் கூடாது. ‘இதையே காலையிலும் ஒருவர் கேட்டார்’ என்று பெயரில்லாமல் சொன்னாலும் பிசகுதான், கேட்டது யாராயிருக்கும் என்று ஊகிக்க அது போதும். குறிப்பு எழுதும்போது சட்டத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்கள், எதிராகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டையும் வைக்க வேண்டும். எது சரி என்று எழுதக்கூடாது. ‘மோசமான’, ‘வரவேற்கத்தக்க’ போன்ற சொற்கள் மேலாளரின் பார்வையில் படும்போதே அடிபட்டுப்போகும். எழுதியவருக்கும் சொந்தக் கருத்து உண்டு, தேர்தலில் வாக்கும் உண்டு. அதை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும்.

அதைவிடவும் மனதைச் சோதிக்கும் இன்னொன்று உண்டு. இரவு முழுக்கத் தேடி எழுதிய குறிப்பை உறுப்பினர் அவையில் தம் சொந்தப் படிப்பாகவே பேசுவார், கைதட்டல் கிடைக்கும், மறுநாள் நாளிதழில் வரும். எழுதியவர் பெயர் எங்கும் வராது. அறிவிப்புத் திரையில் அந்த உறுப்பினரின் பெயர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு, தான் தேடிக் கொடுத்த எண் சரியாக வாசிக்கப்படுகிறதா என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டிருப்பதே நூலக ஊழியரின் மகிழ்ச்சியும் பதற்றமும். அமெரிக்க காங்கிரஸ் ஆய்வுப் பணியகத்தின் அறிக்கைகள் 2018 வரை பொதுமக்களுக்கு முறையாக வெளியிடப்படவே இல்லை. இன்று அவை இணையத்தில் கிடைக்கின்றன. ஆனாலும் தனி உறுப்பினருக்கு எழுதிக் கொடுக்கும் குறிப்புகள் இன்றும் கமுக்கமானவை. ஓய்வு பெற்றவர்கள் பழைய நாட்களைப் பேசும்போது, கதையை முழுதாகச் சொல்லிவிட்டு, கேட்டவரின் பெயரை மட்டும் விழுங்கிவிடுவது இந்தப் பழக்கத்தினால்தான்.

இந்திய நாடாளுமன்ற நூலகம் 1921ல் தொடங்கியது. நாடு குடியரசானபோது, 1950ல், ஆய்வுக்கும் தகவலுக்கும் ஒரு பிரிவு ஏற்பட்டது. 1974ல் நூலகம், ஆய்வு, தகவல் சேவை எல்லாம் ஒரே அமைப்பின்கீழ் வந்தன. பழைய வட்ட வடிவ நாடாளுமன்றக் கட்டடத்தில் மன்னர்களின் அவைக்கென்று கட்டிய ஒரு மண்டபம் உண்டு. சமஸ்தானங்கள் போன பிறகு, 1950 முதல் 1958 வரை உச்ச நீதிமன்றம் அங்கே நடந்தது. நீதிமன்றம் தன் புதிய கட்டடத்துக்குப் போனதும் அந்த மண்டபம் நூலகத்துக்கு வந்தது. மன்னர்களுக்கும் நீதிபதிகளுக்கும் பிறகு அங்கே குடியேறியது புத்தகம்.

இடம் போதாமல் போகவே தனிக் கட்டடம் கட்ட முடிவாகி, 1987 ஆகஸ்ட் 15 அன்று ராஜீவ் காந்தி அடிக்கல் நாட்டினார். கட்டடக் கலைஞர் ராஜ் ரேவல். பக்கத்தில் உள்ள அந்தப் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் தோற்றத்தை மறைக்கக் கூடாது என்பதற்காக உயரத்தைக் குறைத்து, பெரும்பகுதியை நிலத்துக்குக் கீழே இறக்கினார்கள். கண்ணாடியும் எஃகும் சேர்ந்த குவிமாடங்கள் வழியே வெளிச்சம் உள்ளே விழும். 2002 மே 7 அன்று குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் அதைத் திறந்துவைத்தார்.

இந்த நூலகத்தின் ஊழியர்களிடம் இருக்கும் பொருள்களில் ஒன்றுக்கு ஈடு கிடையாது. அது அரசமைப்புச் சட்டத்தின் கையெழுத்து மூலப் படி. பிரேம் பிஹாரி நாராயண் ரைஜாதா ஆங்கிலப் படியைத் தன் கையால் எழுதினார். நந்தலால் போஸும் அவருடைய மாணவர்களும் பக்கங்களை ஓவியங்களால் அணி செய்தார்கள். 1950 ஜனவரி 24 அன்று அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்கள் கையெழுத்திட்டார்கள். நெடுநாள் அதை ஃபிளானல் துணியில் சுற்றி, பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தார்கள். வீட்டில் பட்டுப்புடவையைக் காப்பதும் இப்படித்தான். ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் மையையும் தாளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கின்றன. டெல்லியின் மழைக்காலப் புழுக்கத்துக்கும் கோடை வறட்சிக்கும் இடையே தாள் விரிந்து சுருங்கும். ஆகவே தேசிய இயற்பியல் ஆய்வகமும் அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் சேர்ந்து, காற்றுப் புகாத கண்ணாடிப் பேழைகளை உருவாக்கின. 1994 முதல் அந்தப் படி நைட்ரஜன் நிரப்பிய பேழையில் இருக்கிறது. ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும். அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது நூலகத்தின் வேலை.

மற்றபடி இந்த நூலகங்களில் ஒரு நாள் என்பது கத்தரிக்கோலும் பசையுமாகத்தான் நெடுங்காலம் விடிந்தது. உறுப்பினர்கள் வருவதற்கு முன் நாளிதழ்கள் வந்து இறங்கும். முக்கியச் செய்திகளைக் குறித்து, வெட்டி, தாளில் ஒட்டி, நாளும் இதழின் பெயரும் எழுதி, பொருள்வாரிக் கோப்பில் சேர்ப்பார்கள். ஒரே செய்தி விவசாயத்திலும் நதிநீரிலும் சேரவேண்டும் என்றால் இரண்டு பிரதிகள் வேண்டும். தாளின் மறுபக்கத்திலும் வேண்டிய செய்தி இருந்தால் இன்னொரு நாளிதழ் வாங்க வேண்டும். எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது என்ற தீர்மானம் ஊழியருடையது. அது பிசகினால் செய்தி இருந்தும் இல்லாததுதான். மர இழுப்பறைகளில் நூற்பட்டியல் அட்டைகள் வரிசையாக நிற்கும். அட்டையின் ஓரத்தில் ‘இதையும் பார்க்க’ என்று பென்சிலால் யாரோ எழுதிய குறிப்பு, அச்சிட்ட பகுதியைவிடச் சில வேளை அதிகம் உதவும்.

லண்டன் மக்களவை நூலகம் 1980ல் நாடாளுமன்றத் தகவல்களுக்கான கணினி அட்டவணையைத் தொடங்கியது. அட்டையில் பழகிய கை விசைப்பலகைக்கு மாறியது. ரயில் பாதை பற்றிய அந்தப் பழைய பதிலை இன்று ஒரு சொல்லைத் தட்டினால் எடுத்துவிடலாம், ஊரின் பெயர் மாறாமல் இருந்தால். மாறியிருந்தால், அன்று அந்த ஊரை எப்படி எழுதினார்கள் என்று தெரிந்த ஒருவரைத்தான் கேட்க வேண்டும். உறுப்பினரின் கேள்வி இப்போது பெரும்பாலும் மின்னஞ்சலில் வருகிறது. முன்பு அவர் நேரில் வந்து மேசை முன் நின்றபோது, கேட்ட கேள்வி ஒன்று, உண்மையில் வேண்டியது வேறொன்று என்பதை ஊழியர் அவர் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டு, இரண்டு மூன்று எதிர்க்கேள்விகளில் அதை வெளியே கொண்டுவந்துவிடுவார். அந்த எதிர்க்கேள்விகளை எந்த ஆவணத்திலும் யாரும் பதிந்து வைக்கவில்லை. அவை அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களின் நினைவில் மட்டும் இருக்கின்றன.